நாலு கார்டும் ஒரு தாளமும்: கிட்டாரில் பாட்டு வாசிக்க முழுமையான வழிகாட்டி

கிட்டார் வாங்கும்போதே பெரும்பாலோர் மனத்தில் ஒரு பாட்டு இருக்கும். தமிழ்நாட்டில் பலருக்கு அது ‘இளைய நிலா’. 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துக்காக இளையராஜா அமைத்த அந்தப் பாட்டில் கிட்டாரை மீட்டியவர் சந்திரசேகர் என்ற தேர்ந்த கலைஞர். ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக, சீராக, விட்டுவிடாமல் ஒலிக்கவிட வேண்டிய வேலை அது. முதல் மாதத்திலேயே அதைத் தொட்டுப் பார்த்து, விரல் நொந்து, மனம் சலித்து, பீரோ மேல் ஏற்றிவைக்கப்பட்ட கிட்டார்கள் ஏராளம்.

அதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல, எடுத்துக்கொண்ட வரிசைதான் தவறு. கிட்டாரில் பாட்டு வாசிப்பது என்றால் மெட்டை இசைப்பது என்று நினைக்கிறோம். தொடங்குபவருக்கு அது மூன்றாம் கட்ட வேலை. முதல் வேலை, பாடுகிற குரலுக்குச் சுருதியும் தாளமும் கொடுத்துக் கூடவே போவது. அது நாலு கார்டிலும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஒரு கேப்போவிலும் (கழுத்தில் மாட்டிக் கம்பிகளை அழுத்தும் கவ்வி) நடந்துவிடும். உங்கள் குரல் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, கூடவே பாடுங்கள். பாடாமல் கார்டு மட்டும் பழகுகிறவர்களுக்குப் பாட்டு எந்த இடத்தில் திரும்புகிறது என்பதே பிடிபடுவதில்லை.

படி 1: எந்தக் கிட்டார்?

அக்கூஸ்டிக் கிட்டாரில் இரண்டு வகை. நைலான் கம்பி கட்டிய கிளாசிக்கல் கிட்டார் விரலுக்கு மென்மையானது, ஆனால் கழுத்து அகலம். இரும்புக் கம்பி கட்டியது சற்று வலிக்கும், ஒலி பளிச்சென்று இருக்கும். பாட்டுக்குத் துணையாகத் தட்டி வாசிக்க இரும்புக் கம்பியே பொருத்தம். யமஹாவின் எஃப்310 போன்ற, 10,000 ரூபாயை ஒட்டிய மாடல் ஒன்று தொடங்குபவருக்குப் பல வருடங்கள் போதும்.

பிராண்டை விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது ‘ஆக்‌ஷன்’, அதாவது கழுத்துப் பலகைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். 12-ஆவது ஃப்ரெட்டின் மேல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் என்றால் நல்லது. நான்கைத் தாண்டினால் அந்தக் கிட்டார் உங்களை வேதனைப்படுத்தும். மலிவான கிட்டார்களில் பெரும்பாலும் இதுதான் கோளாறு. பல கடைகளில் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு சரிசெய்து தருவார்கள். கூடவே ‘எக்ஸ்ட்ரா லைட்’ கம்பி போட்டுத் தரச் சொல்லுங்கள். விரல் கெட்டிப்படும் வரை அது பெரிய உதவி.

கேப்போ ஒன்று, மெல்லிய பிக் இரண்டு மூன்று, தலையில் மாட்டும் கிளிப் ட்யூனர் ஒன்று. வேறெதுவும் இப்போது வேண்டாம். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடைத்துவையுங்கள். உப்புக்காற்றும் கை வியர்வையும் சேர்ந்தால் புதுக் கம்பிகூடச் சீக்கிரம் துருப்பிடித்து ஒலி மங்கிவிடும்.

படி 2: தினமும் சுருதி சேர்த்த பிறகே வாசிப்பு

மடியில் வைத்துப் பார்க்கும்போது தரையை நோக்கி இருக்கும் மெல்லிய கம்பி முதல் கம்பி, முகத்துக்கு அருகில் உள்ள தடித்தது ஆறாவது. தடித்ததிலிருந்து வரிசையாக இ, ஏ, டி, ஜி, பி, இ. கிளிப் ட்யூனர் இதைக் காட்டிவிடும். செல்போன் செயலியும் போதும்.

ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது ட்யூனரை எடுத்துவைத்துவிட்டுக் காதால் சேர்த்துப் பாருங்கள். ஆறாவது கம்பியின் 5-ஆம் ஃப்ரெட்டில் வரும் ஒலிதான் ஐந்தாவது கம்பியைத் திறந்து மீட்டினாலும் வரவேண்டும். ஐந்துக்கும் நான்குக்கும், நான்குக்கும் மூன்றுக்கும் அதே 5-ஆம் ஃப்ரெட். மூன்றுக்கும் இரண்டுக்கும் மட்டும் 4-ஆம் ஃப்ரெட். இரண்டுக்கும் ஒன்றுக்கும் மறுபடி 5. இரண்டு ஒலியும் ஏறக்குறைய ஒன்றாகும்போது ஒரு நடுக்கம் கேட்கும். முழுதாகச் சேர்ந்ததும் அது நின்றுவிடும். இந்தக் காது பின்னால் பாட்டின் கார்டைக் கண்டுபிடிக்கத் தேவைப்படப்போகிறது.

படி 3: நாலு கார்டு

ஜி, இ மைனர், சி, டி. இந்த நான்கையும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நான்கும் ஒரே குடும்பம், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது விரல்கள் சில இடங்களில் எழவே வேண்டியதில்லை.

ஜி: நடுவிரல் ஆறாவது கம்பியில் 3-ஆம் ஃப்ரெட், ஆள்காட்டி ஐந்தாவதில் 2, மோதிர விரல் முதல் கம்பியில் 3. ஆறு கம்பியும் ஒலிக்கலாம்.

இ மைனர்: ஆள்காட்டி ஐந்தாவது கம்பியில் 2, நடுவிரல் நான்காவதில் 2. இதற்கு வேறு விரலும் சொல்லித்தருவார்கள். நான் இந்த விரல்களையே சொல்வேன், ஏனென்றால் ஜியிலிருந்து வரும்போது ஆள்காட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சி: மோதிர விரல் ஐந்தாவதில் 3, நடுவிரல் நான்காவதில் 2, ஆள்காட்டி இரண்டாவதில் 1. இ மைனரிலிருந்து வந்தால் நடுவிரல் அசையாது. ஐந்தாவது கம்பியிலிருந்து கீழே மட்டும் மீட்டுங்கள்.

டி: ஆள்காட்டி மூன்றாவதில் 2, மோதிர விரல் இரண்டாவதில் 3, நடுவிரல் முதல் கம்பியில் 2. நான்காவது கம்பியிலிருந்து மீட்ட வேண்டும். சியிலிருந்து டிக்குப் போகும்போது மூன்று விரலும் இடம் மாறுவதால் பலரும் தடுமாறும் இடம் இது. கூடுதல் நேரம் இதற்கே கொடுங்கள்.

விரல் நுனியால், ஃப்ரெட்டின் உலோகக் கோட்டுக்கு ஒட்டிப் பின்னால் அழுத்துங்கள். கோட்டின் மேலே அழுத்தினால் ஒலி மங்கும், தள்ளி அழுத்தினால் கரகரக்கும். இடது கை நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். வலி இரண்டு மூன்று வாரம் இருக்கும், நுனித் தோல் தடித்ததும் போய்விடும். ஆனால் மணிக்கட்டு வலித்தால் அது வேறு சங்கதி. உடனே நிறுத்தி, உட்காரும் விதத்தையும் கட்டைவிரலின் பிடியையும் பாருங்கள். மணிக்கட்டு வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பது வீரம் அல்ல.

கார்டு மாற்றத்துக்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. இரண்டு கார்டை எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணுங்கள். முப்பது வந்தால் அந்த ஜோடி பாட்டுக்குத் தயார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்தை விட தினம் இருபது நிமிடம் எவ்வளவோ மேல்.

படி 4: வலது கைதான் பாட்டு

இடது கை தப்பான கார்டைப் பிடித்தால் பாட்டு ஒரு கணம் உறுத்தும். வலது கை நின்றுபோனால் பாட்டே நின்றுவிடும். ஆனாலும் புதிதாகக் கற்கும் எல்லோரும் இடது கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கார்டு சரியாக விழாவிட்டாலும் கையை நிறுத்தாதீர்கள். அடுத்த கார்டில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். இது ஒன்றைப் பழகிக்கொண்டால் மற்றவை தானாக வரும்.

தாளத்தை நாம் வாயால் சொல்லிப் பழகியவர்கள். அந்தச் சொத்தைக் கிட்டாருக்கும் எடுத்துக்கொள்ளலாம். முதலில் கம்பியை இடது கையால் அழுத்தாமல் மூடிக்கொண்டு, ‘தகதிமி தகஜணு’ என்று நிதானமாகச் சொல்லுங்கள். எட்டு அட்சரம். வலது கை த-வில் கீழே, க-வில் மேலே, தி-யில் கீழே, மி-யில் மேலே என்று விடாமல் போய் வரட்டும். கை எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கவேண்டும், கம்பியைத் தொடுவதும் தொடாததும்தான் மாறும்.

இப்போது இப்படித் தொடுங்கள்: த கீழே, க காற்றில், தி கீழே, மி மேலே. அடுத்த த காற்றில், க மேலே, ஜ கீழே, ணு மேலே. இரண்டாவது ‘த’வில் கை கம்பியைத் தொடாமல் கீழே போகிறது அல்லவா, அந்த மௌனத்தில்தான் இந்த நடையின் துள்ளல் இருக்கிறது. பத்துப் பாட்டில் நாலைந்தை இந்த ஒரே நடையில் ஒப்பேற்றிவிடலாம்.

மற்றவை? நம் திரைப்பாடல்களில் பல திஸ்ர நடை, ‘தகிட தகிட’. வெளிநாட்டுப் பாடநூல்களும் காணொளிகளும் நாலின் கணக்கிலேயே நெடுநாள் ஓட்டுகின்றன. அதை மட்டும் கற்றவர் தமிழ்ப் பாட்டை எடுத்ததும், கார்டு சரியாக இருந்தும் ஏதோ ஒட்டவில்லையே என்று குழம்புகிறார். எனவே தொடக்கத்திலேயே இதையும் பழகுங்கள். த-வில் அந்தக் கார்டின் தடித்த கம்பியை மட்டும் தட்டுங்கள், கி-யிலும் ட-விலும் மெல்லிய கம்பிகளைக் கீழ்நோக்கி வருடுங்கள். ஜிக்கும் இ மைனருக்கும் ஆறாவது கம்பி, சிக்கு ஐந்தாவது, டிக்கு நான்காவது. ‘தும்-சக்-சக்’ என்று விழும்.

பாட்டைக் கேட்டவுடன் தொடையில் தட்டி, தகதிமியா தகிடவா என்று முடிவு செய்வதே எந்தப் பாட்டுக்கும் முதல் வேலை. கிட்டாரைக் கையில் எடுப்பதற்கு முன்பே இதைச் செய்யலாம், பேருந்தில் போகும்போதுகூட.

படி 5: முதல் இரண்டு பாட்டு

முதலாவது, எல்லா வீட்டிலும் வருடத்துக்கு நாலைந்து முறை தேவைப்படும் ‘ஹேப்பி பர்த்டே’. இது தகிட நடை. மூன்று கார்டு போதும். முதல் வரி ஜியில் தொடங்கி டியில் முடியும். இரண்டாம் வரி டியில் தொடங்கி ஜியில் முடியும். மூன்றாம் வரி ஜியில் தொடங்கி, பிறந்தநாள்காரரின் பெயர் வரும் இடத்தில் சிக்குப் போகும். கடைசி வரியில் சி, ஜி, டி, ஜி என்று இறங்கி அமரும். மாற வேண்டிய இடத்தை நான் சொன்னதற்காக மாற்றாதீர்கள். பாடிக்கொண்டே ஜியிலேயே இருந்து பாருங்கள், எங்கே உறுத்துகிறது என்று காது சொல்லும்.

இரண்டாவது, பென் ஈ. கிங் பாடி 1961-இல் வெளிவந்த ‘ஸ்டாண்ட் பை மீ’. பாட்டு முழுவதும் ஒரே சுற்றுதான்: ஜி இரண்டு ஆவர்த்தனம் (ஒரு முழு ‘தகதிமி தகஜணு’ ஓர் ஆவர்த்தனம்), இ மைனர் இரண்டு, சி ஒன்று, டி ஒன்று, மறுபடி ஜி இரண்டு. கேப்போவை இரண்டாம் ஃப்ரெட்டில் மாட்டினால் அசல் பதிவின் சுருதியே வந்துவிடும், அதோடு சேர்ந்து வாசிக்கலாம். தமிழ்ப் பாட்டு கற்க வந்தவருக்கு இது எதற்கு என்று தோன்றலாம். நீங்கள் கற்ற நாலு கார்டும் வரிசையாக, போதிய இடைவெளி விட்டு, திரும்பத் திரும்ப வருகிற பாட்டு வேறு கிடைப்பது அரிது. பதிவோடு கூடவே நிற்காமல் வாசித்து முடித்துவிட்டால் நீங்கள் கிட்டார் வாசிப்பவர்தான்.

படி 6: உங்கள் கட்டையும் கேப்போவும்

பாட்டின் கார்டு தெரிந்தும் பாட முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் சுருதி. பாடகர் எஸ்.பி.பி. ஏறிய இடத்துக்கு எல்லோரும் ஏற வேண்டியதில்லை. பாட்டை உங்கள் குரலுக்கு இறக்கிக்கொள்ளலாம், ஏற்றிக்கொள்ளலாம். அதற்காகத்தான் கேப்போ.

கர்நாடக இசை கொஞ்சம் கற்றவர்கள் தங்கள் குரலின் கட்டையை அறிவார்கள். ஒரு கட்டை என்றால் சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, நான்கு எஃப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ. கேப்போ ஒரு ஃப்ரெட் ஏறினால் சுருதி அரைக் கட்டை ஏறுகிறது என்று பொதுவாகச் சொல்லலாம். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவிலும், ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் நடுவிலும் மட்டும் ஒரே ஃப்ரெட்டில் முழுக் கட்டை தாண்டிவிடும்.

எனவே ஜி குடும்பத்துக் கார்டுகளைக் கேப்போ இல்லாமல் பிடித்தால் ஐந்து கட்டை. 1-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ, ஐந்தரை. 2-இல் ஆறு. பெண்களில் பலருக்கு இந்த இடம் வசதியாக இருக்கும். ஒரு கட்டையில் பாடும் ஆண் 5-ஆம் ஃப்ரெட்டில் மாட்டிக்கொள்ளலாம், ஒன்றரை என்றால் 6-இல். விரல்கள் பிடிப்பது அதே ஜி, இ மைனர், சி, டிதான். கட்டை தெரியாதவர்கள் பல்லவியை இயல்பாகப் பாடிக்கொண்டே கேப்போவை ஒவ்வொரு ஃப்ரெட்டாக நகர்த்திப் பாருங்கள். உச்ச இடத்தில் தொண்டை இறுகாமலும், கீழிடத்தில் குரல் காணாமல் போகாமலும் இருக்கும் ஃப்ரெட் உங்களுடையது. பாட்டுக்குப் பாட்டு இது மாறும், ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

கேப்போ மாட்டுவது கற்றுக்குட்டித்தனம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். மேடையில் பெயர்பெற்றவர்களும் மாட்டுகிறார்கள்.

படி 7: பிடித்த பாட்டின் கார்டைக் காதால் கண்டுபிடிப்பது

இணையத்தில் எந்தத் தமிழ்ப் பாட்டுக்கும் கார்டு கிடைக்கும். அதில் பாதி தவறு. ஒருவர் தவறாகப் போட்டதை மற்றவர்கள் அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். உதவிக்கு வைத்துக்கொள்ளலாம், முடிவு உங்கள் காதினுடையதாக இருக்கட்டும்.

முதலில் ஆதாரச் சுருதி. பல்லவி சுற்றிவந்து நிம்மதியாக அமரும் ஸ்வரம் எது என்று முனகிப் பாருங்கள். அதை முனகிக்கொண்டே ஆறாவது கம்பியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாகத் தேடுங்கள். திறந்த கம்பி இ, 1 எஃப், 3 ஜி, 5 ஏ, 7 பி, 8 சி, 10 டி. பழைய பதிவுகள் சில இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் நிற்கும். நாடா ஓடிய வேகத்தால் அப்படி ஆகும். அப்போது கிட்டாரின் சுருதியையே சற்று மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து, மேஜரா மைனரா. அந்த ஸ்வரத்தில் இரண்டையும் வாசித்துப் பாருங்கள், ஒன்று உடனே ஒட்டும். ராகம் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் எளிது: மேஜர் ஸ்வர வரிசை சங்கராபரணம், இயல்பான மைனர் வரிசை நடபைரவி. மேஜர் பாட்டென்றால் கேப்போவின் உதவியால் ஜி குடும்பத்துக்குக் கொண்டுவாருங்கள்: ஜி, சி, டி, இ மைனர், ஏ மைனர். மைனர் பாட்டென்றால் இ மைனரை வீடாக வைத்துக்கொண்டு அதே ஐந்து கார்டுகள். உதாரணமாக ஏ மைனரில் உள்ள பாட்டுக்கு 5-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ, இ மைனர் பிடி. ஏ மைனர் கற்பது ஐந்து நிமிட வேலை: சியில் மோதிர விரலை மட்டும் எடுத்து மூன்றாவது கம்பியின் 2-ஆம் ஃப்ரெட்டில் வைத்தால் ஏ மைனர்.

மைனர் பாட்டில் வரி வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் ஏதோ இடிக்கிறதா? அது பெரும்பாலும் கீரவாணியின் சாயல். அங்கே நிஷாதம் உயர்ந்திருக்கும். கேப்போ இல்லாமல் ஏ மைனரையே வீடாக வைத்து வாசிக்கும் பாட்டில் அந்த இடத்தில் இ மைனருக்குப் பதிலாக இ மேஜர் போட்டுப் பாருங்கள், சட்டென்று கதவு திறக்கும். நம் திரையிசையில் இது அடிக்கடி வருவது.

கடைசியாக, கார்டு மாறும் இடம். பேஸ் கிட்டாரைக் கேளுங்கள். அது ஓர் ஆவர்த்தனத்தின் முதல் அடியில் எந்த ஸ்வரத்தில் இறங்குகிறதோ, கார்டின் பெயர் பெரும்பாலும் அதுவே. ஹெட்ஃபோனில் கேட்டால் தெளிவாகப் பிரியும்.

எல்லாப் பாட்டும் இதற்கு இணங்காது. கமகம் நிறைந்த, ராகத்தையே ஆதாரமாகக் கொண்ட பாட்டில் கார்டை அடுக்கினால் பாட்டின் அழகு போய்விடும். அதைத் தம்புராவோடு விட்டுவிடுவதே மரியாதை. தொடக்கத்துக்கு மெதுவான, கிட்டாரை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்ட பாட்டுகளைத் தேடுங்கள். இளையராஜாவும், கிட்டாரிஸ்டாகத் தொடங்கிய ஹாரிஸ் ஜெயராஜும் அப்படி நிறையத் தந்திருக்கிறார்கள். 1980-இல் ‘மூடுபனி’யில் பிரதாப் போத்தன் கிட்டாரோடு அமர்ந்து பாடுவதாக வரும் ‘என் இனிய பொன் நிலாவே’, 2008-இல் ‘வாரணம் ஆயிர’த்தில் ரயிலில் வரும் ‘நெஞ்சுக்குள் பெய்திடும்’ இரண்டையும் காது கொடுத்துக் கேளுங்கள். ஆரம்பத்தில் கிட்டார் வரும் துணுக்கை விட்டுவிட்டு, குரலுக்குக் கீழே ஓடும் கார்டை மட்டும் பிடிக்க முயலுங்கள்.

படி 8: விரலால் மீட்டுவது, எஃப் கார்டு

நாலைந்து பாட்டு கையில் வந்த பிறகு பிக்கைக் கீழே வையுங்கள். கட்டைவிரலுக்குத் தடித்த மூன்று கம்பி, ஆள்காட்டிக்கு மூன்றாவது, நடுவிரலுக்கு இரண்டாவது, மோதிர விரலுக்கு முதலாவது. இந்தப் பங்கீட்டை மாற்றாமல் தகிடவின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கம்பி என்று மீட்டுங்கள். ‘இளைய நிலா’வின் வாசல் இதுதான்.

எஃப் கார்டுக்காகப் பலர் கிட்டாரையே விட்டிருக்கிறார்கள். ஆள்காட்டியால் ஆறு கம்பியையும் அழுத்தும் அந்தப் பிடிக்கு அவசரம் இல்லை. ஆள்காட்டி இரண்டாவது கம்பியில் 1, நடுவிரல் மூன்றாவதில் 2, மோதிர விரல் நான்காவதில் 3. நான்காவது கம்பியிலிருந்து மட்டும் மீட்டுங்கள். எஃப் மேஜர் செவன் என்ற இது பல பாட்டுகளுக்கு முழு எஃப்பை விட இனிமையாகவே இருக்கும்.

ஆசிரியர் வேண்டுமா?

வேண்டும், குறைந்தது முதல் சில மாதங்களுக்கு. கை வைக்கும் விதத்தில் வரும் பிழையைக் காணொளி திருத்தாது. தேர்வெழுத விரும்பினால் லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுகள் உண்டு. 1842 முதல் சென்னையில் இயங்கும் அண்ணாசாலை மியூசி மியூசிக்கலில் விசாரிக்கலாம். தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்ற இளையராஜாவும் கிளாசிக்கல் கிட்டாரில் ட்ரினிட்டி தேர்வு எழுதியவர். நோட்டேஷன் படிக்கக் கற்பது நல்லது. ஆனால் கிரேடுக்காக மூன்றே உருப்படிகளை வருடம் முழுக்க வாசித்து, ஒரு பாட்டுக்குக்கூடத் துணை நிற்கத் தெரியாமல் வளரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பெற்றோர்களே, தேர்வோடு சேர்த்து வீட்டில் எல்லோரும் பாடும் ஒரு பாட்டையும் சொல்லித்தரச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள்.

தனியறையில் எவ்வளவு வாசித்தாலும் ஓரளவுக்கு மேல் வளர்ச்சி இருக்காது. பாடக்கூடிய ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்காவோ, பக்கத்து வீட்டு அண்ணனோ, கல்லூரி நண்பனோ, யாராக இருந்தாலும் சரி. அவர் கட்டைக்குக் கேப்போவை மாட்டி, அவர் மூச்செடுக்கும் இடத்தில் காத்திருந்து, அவர் பிசகினால் கையை நிறுத்தாமல் அவரைத் தாங்கிக்கொண்டு வாசியுங்கள். மூன்று பாட்டு அப்படி முழுதாக வந்ததும், வீட்டுக்கு யாராவது வரும் நாளில் கேட்காமலே கிட்டாரை எடுத்துவந்து உட்காருங்கள்.